சீமாட்டியின் குடும்ப மரமும் என் புள்ளிக்கோடும்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச்சாமான் துண்டும் ஊருக்குப் போட்ட கடிதமும்தான். ஆகவே இதில் வசனம் நொண்டும். முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வரும். வருஷம் மாதம் கேட்டால் எனக்குத் தெரியாது, மறந்துவிட்டேன். கோவிக்க வேண்டாம். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். கலியாண வீட்டிலும் சமையல் நடக்கிற குசினிப் பக்கத்துக் கதிரையைத்தான் பிடித்து உட்காருவேன். எழுதினால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற துணிவில் தொடங்குகிறேன்.

சொல்லப்போவது ஒரு பெரிய பரம்பரையின் கதை. என்னுடைய பரம்பரை அல்ல. எங்களுக்குப் பரம்பரை இருந்ததென்று அந்த நாளில் டென்மார்க்கில் ஒருவரும் நம்பவில்லை.

நாங்கள் இருந்த வைலே என்ற ஊரில் குன்றின்மேல் ஒரு பெரிய வீடு. ஜன்னலால் பார்த்தால் ஊருக்குள் நுழைந்து நிற்கிற கடல் தெரியும். அந்த வீட்டைத் துப்புரவாக்க நான் கிழமைக்கு மூன்று நாள் போவேன். என் கணவருக்குப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்குகிற வேலை. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிற மனுஷன், வெள்ளிக்கிழமையும் எட்டு மணித்தியாலம் பன்றியோடுதான் நிற்பார்.

குன்றின்மேல் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். எழுபது வயது கடந்த டேனிஷ் பெண்மணி, கலியாணம் செய்யாதவர். நானும் கணவரும் எங்களுக்குள் அவரைச் சீமாட்டி என்போம். நேரில் நான், இங்கிலிஷ்காரரைக் கூப்பிடுகிற முறையில், மடம் என்றுதான் கூப்பிட்டேன். இங்கே அப்படி ஒருவரையும் கூப்பிடுவதில்லை என்று அவர் இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லவில்லை, பிடித்துப் போய்விட்டது.

சீமாட்டிக்கு ஒரே ஒரு தொழில், தன் பரம்பரையைத் தேடுவது. அதற்காக ஒரு நீளக் கடதாசிச் சுருள் வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்தால் இரண்டு பக்கமும் நிலத்தைத் தொடும். நான் தூசி தட்டப் போனால் சுருளின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கதை தொடங்குவார். தூசி அப்படியே கிடக்கும். அவர் டேனிஷில் சொன்னதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் மனதில் அது அப்படித்தான் பதிந்து கிடக்கிறது.

முதலாவது ஆள் டென்மார்க்கின் யூலாந்துப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரரின் மூன்றாவது மகன். தகப்பனுடைய காணி மூத்தவனுக்குப் போய்விட, இவர் கப்பலேறினார். அந்தக் காலத்தில் டென்மார்க் அரசருக்குச் சொந்தமாயிருந்த மேற்கிந்தியத் தீவொன்றில் கரும்புத் தோட்டம் வைத்தார். அவருடைய மகன் அங்கிருந்து அமெரிக்கக் கரைக்குப் போய், கரோலைனா என்ற இடத்தில் நெல் விதைத்தார்.

நெல் என்றதும் எனக்கு ஒரு சந்தோஷம். "நெல்லோ மடம்? அவரே இறங்கி விதைச்சவரோ?"

"இல்லையில்லை. அதுக்கு ஆக்கள் இருந்தவை."

அந்த ஆட்களைச் சேர்த்து எழுதின தோட்டத்துச் சொத்துப் பட்டியலும் அவரிடம் இருந்தது. பழைய தாளைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். முதலில் குதிரைகள், பிறகு மாடுகள், பிறகு கழுதைகள், அதற்குக் கீழே மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் ஒற்றைப் பெயர். பிள்ளை என்றால் தாயின் பெயர் பக்கத்தில் இருக்கும், தகப்பன் பெயர் இராது. "பாரும், கழுதையளின்ரை பேரைக்கூட விடாமல் எழுதி வைச்சிருக்கினம். எங்கடை ஆக்கள் அவ்வளவு ஒழுங்கு" என்றார். உண்மைதான், ஒழுங்கில் ஒரு குறையும் இல்லை.

காணி தேடிக் கப்பலேறின அந்த மூன்றாவது மகனைச் சீமாட்டி முன்னோடி என்று சொல்வார். உயிருக்குப் பயந்து விமானமேறின எங்களுக்குப் பேப்பரில் வேறு பெயர்கள் எழுதினார்கள். அதை எனக்கு வாசித்துக் காட்டியதும் சீமாட்டிதான், டேனிஷ் பழகட்டும் என்று.

சுவர் நிறைய முன்னோடியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகளின் படங்கள். அவர்களில் ஒரு கிளை டென்மார்க்குக்கே திரும்பி வந்தது, சீமாட்டி அந்த வழி. எல்லாருக்கும் ஒரே காது. பொரித்த அப்பளம்போல் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும். சீமாட்டிக்கும் அதே காதுதான், தலைமயிரை இழுத்துவிட்டு மூடி வைத்திருப்பார். வெட்கம் என்று நினைத்தேன். ஒருநாள் மயிரை ஒதுக்கித் தானே காட்டினார். "இஞ்சை பாரும். எங்கடை பரம்பரைக்குக் கடதாசியே தேவையில்லை. இந்தக் காதே போதும், காணும்."

அந்த வசனத்தை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

இனி என் கதை. எனக்கு ஒரு மகள். நாங்கள் டென்மார்க்குக்கு வரும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் கணவரின் தாயோடு, மாமியோடு, யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தோம், ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று. படிவம் போட்டோம். ஒரு பதிலும் இல்லை. பக்கத்து ஊர் கோல்டிங்கில், வைலேயில், தெரிந்த தமிழ் வீடுகளில் எல்லாம் இதே கதைதான். எங்களுக்குப் பிறகு படிவம் போட்ட பக்கத்து வீட்டு ஈரான்காரருக்கு மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கி, பிள்ளைகள் சைக்கிள் ஓடவும் பழகிவிட்டார்கள். எங்கள் ஆட்களின் கோப்பு மட்டும் அசையவில்லை. "உங்கடை நாட்டிலை நிலைமை சரிவருதாம்" என்று கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரில் ஒரு பெண் சொன்னாள். அந்தக் கிழமை வந்த கடிதத்தில் மாமி குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கர் வெட்டின கதை எழுதியிருந்தா.

மாமி ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும் ஒரு நூல் வைத்து அனுப்புவா. மகளின் உச்சியிலிருந்து குதிக்கால் வரை அளந்து அறுத்த நூல், நான் சட்டை தைத்து அனுப்புவதற்கு. சட்டை ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் வளர்ந்துவிடுவாள். "அம்மா, சட்டை கட்டையாப் போச்சு" என்று அடுத்த கடிதத்தில் இருக்கும், கூடவே இன்னும் நீளமான நூல். பதினெட்டு முடிந்துவிட்டால் பிள்ளை என்று சொல்லிக் கூப்பிட முடியாது. நூல் நீள நீள நான் பதினெட்டுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணுவேன்.

ஒரு மழை நாளில் சீமாட்டிக்குப் பொழுது போகவில்லை. "உம்மடை பரம்பரையையும் கீறிப் பாப்பம்" என்று வெள்ளைக் கடதாசி எடுத்தார். என் கணவர் என் அம்மாவின் தம்பி மகன். அவருடைய அக்காவைக் கட்டியிருப்பது என் அண்ணன். மாமியின் தங்கையைக் கட்டியிருப்பது என் சித்தப்பா. கால்மணித்தியாலத்தில் கோடெல்லாம் வளைந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டது.

"இது மரமே? கம்பளி நூல் பந்து மாதிரிக் கிடக்கு" என்றார்.

எனக்கு இடியப்பம்போலத் தெரிந்தது. அவருடைய சுருளிலும் மச்சானும் மச்சாளும் கட்டின இடம் மூன்று இருந்ததை நான் கண்டிருக்கிறேன். கேட்டதற்கு, அது தோட்டம் பிரிந்து போகாமலிருக்கச் செய்தது என்றார். அவர்கள் செய்தால் நிர்வாகம், நாங்கள் செய்தால் நூல் பந்து.

கடைசியில் மகளிடம் வந்தோம். அவளைப் பெற்றது என் தங்கச்சி. பிள்ளை பிறந்த கிழமையே காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் வேறு கலியாணம் செய்துகொண்டு வன்னிப் பக்கம் போனார். நாற்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டுக் கழித்து நான் பிள்ளையைத் தூக்கினேன். பிறகு இறக்கவில்லை. எங்களுக்கு வேறு பிள்ளையும் இல்லை. இவ்வளவையும் என் அரைகுறை டேனிஷில் சொன்னேன்.

சீமாட்டியின் பேனை நின்றுவிட்டது. "அப்ப அவள் உம்மடை மகள் இல்லை."

"மகள்தான் மடம்."

"கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை எழுதித் தத்தெடுத்தனீரோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி பிள்ளையை எடுப்பதற்கு எங்கள் ஊரில் யார் கோட்டுக்குப் போவார்கள்? போனால் நீதவானே துரத்திவிடுவார். தாயின் கூடப்பிறந்தவள் பெரியம்மா, சின்னம்மா. பெற்றவள் போனால் அம்மா. இதற்கு ஒரு முத்திரை வேண்டுமென்று என் தலையில் ஏறவேயில்லை. படிவத்தில் தாய் என்ற கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதினேன். கூடவே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் வைத்தேன். அதில் தாய் என்ற இடத்தில் தங்கச்சியின் பெயர். இரண்டையும் ஒரே உறையில் போட்டு, என் நாக்காலேயே நனைத்து ஒட்டினேன்.

"அரசாங்கத்துக்குப் பொய் எழுதியிருக்கிறீர்" என்றார் சீமாட்டி. முகம் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "இஞ்சாரும், உந்த மனுஷிக்கு உதெல்லாம் ஏன் சொன்னனீர்? இனி ஆர் கேட்டாலும் பெத்த பிள்ளை எண்டே சொல்லும்" என்றார். பொய் என்று ஒருத்தர் சொன்ன பிறகுதான் அது பொய்யாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றியது.

அந்தக் கோடையில் சீமாட்டிக்கு அமெரிக்காவிலிருந்து விருந்தாளி வருவதாயிருந்தது. இரண்டு வருஷமாகக் கடிதத்தில் பழக்கம், அதே குடும்பப் பெயர், படிப்பித்து ஓய்வெடுத்த பெண். "அமெரிக்காக் கிளையிலை இவதான் கெட்டிக்காரி. என்ன கையெழுத்து, என்ன பண்பு! ரத்தம் பேசும்" என்று சீமாட்டி கடிதங்களை எனக்குக் காட்டுவார். விருந்து நாளில் மேசைவிரிப்பை இஸ்திரிப் பெட்டியால் இரண்டு தரம் மினுக்கச் சொன்னார். மேசை நடுவில் சின்ன டேனிஷ் கொடி. கிரீம் கேக் ஒன்று, காய்ந்த பிஸ்கட் நாலு வகை.

மணி அடித்தது. சீமாட்டி தானே போய்த் திறந்தார். உடனே குசினிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார். "உம்மடை சொந்தக்காரர் ஆரோ வந்திருக்கினம். இண்டைக்கு எனக்கு விருந்தாளி எண்டு தெரியாதோ? பின் கதவாலை உள்ளை கூப்பிடும்."

என் சொந்தக்காரருக்கு அந்த வீட்டு விலாசமே தெரியாது. போய்ப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி வைத்து, கையில் பூங்கொத்தோடு ஒரு கறுத்தப் பெண்மணி நின்றார். என்னிலும் கறுப்பு, என்னிலும் உயரம். பின் கதவைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்து, குசினிக்குள் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றினார். பொரித்த அப்பளம் இரண்டும் வெளியே வந்தன.

என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அங்கே முன் அறையில் சீமாட்டி கொடிக்குப் பக்கத்தில் இருந்து ஜன்னலால் ரோட்டைப் பார்த்தபடி அமெரிக்கா விருந்தாளிக்காகக் காத்திருக்கிறார். இங்கே அமெரிக்கா விருந்தாளி என் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறார். அவர் பேசியது இங்கிலிஷ், என்னிடம் இருப்பது ஐந்தாம் வகுப்பு இங்கிலிஷ். பிள்ளைகள் இருக்கா என்று கேட்டது விளங்கியது. அன்று காலை வந்த கடிதம் சட்டைப் பையில் இருந்தது. நூலை எடுத்துக் காட்டினேன். அவர் எழும்பி நின்று, ஒரு நுனியைத் தன் சப்பாத்துக்குக் கீழே வைத்து மற்ற நுனியை மேலே இழுத்தார். தோள் வரை வந்தது. அந்த உயரத்தில் ஒரு தலையைத் தடவுவதுபோல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. முன் அறைக்குப் போனேன்.

"மடம், நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிற அமெரிக்கா ஆள் குசினிக்குள்ளை தேத்தண்ணி குடிக்கிறா."

"என்ன கதை உது? அது உம்மடை சொந்தக்காரர் எல்லோ?"

"இல்லை மடம். உங்கடை சொந்தக்காரர்."

சீமாட்டி மேசைக் கொடியை நேராக்கி வைத்தார்.

"காதைப் பாருங்கோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு நான் கேக் வெட்டப் போனேன்.

பிறகு நடந்ததை மரியாதையான கோப்பி என்று சொல்லலாம். இரண்டு பேரும் கொடிக்கு இரண்டு பக்கமும் இருந்து காலநிலை பற்றிப் பேசினார்கள். கடைசியில் விருந்தாளி சுருளைக் கேட்டார். நான் நுனியைப் பிடித்தேன். அவர் தன் பையிலிருந்து தன் முன்னோர் பெயர்கள் எழுதின ஒரு தாள் எடுத்து, சீமாட்டியின் சொத்துப் பட்டியலில் கழுதைகளுக்குக் கீழே இருந்த ஒரு பெண்பிள்ளையின் பெயரில் விரலை வைத்தார். அது அவருடைய பாட்டியின் தாயான பூட்டிக்கும் தாய். தகப்பன் இடம் வெறுமை. விரலை எடுத்துச் சுவரில் மூன்றாவது படத்தைக் காட்டினார், நெல் விதைக்க ஆட்கள் வைத்திருந்தவரை.

சீமாட்டி பென்சிலைத் தீட்டினார். நிரம்ப நேரம் தீட்டினார். பிறகு அந்த நெல்லுக்காரரின் பெயரிலிருந்து விருந்தாளியின் பக்கம் சின்னச் சின்னப் புள்ளியாக ஒரு கோடு போட்டார். கடதாசி இல்லாத இடத்தில் புள்ளிக்கோடு போடுவதுதான் முறையாம்.

விருந்தாளி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சொன்னது எனக்கு இப்படித்தான் விளங்கியது: "எழுதி வைத்ததும் உங்கள் ஆட்கள், எழுதாமல் விட்டதும் உங்கள் ஆட்கள். இப்போது கடதாசி இல்லை என்பதும் நீங்களா?" போகும்போது என்னைக் கட்டிப் பிடித்தார், முன் கதவுக்கு வெளியே நின்று.

அவர் போன பிறகு சீமாட்டி கோப்பைகளைத் தானே எடுத்து அடுக்கினார். பிறகு கேட்டார். "அந்தக் காது அவவுக்கு எப்பிடி வந்திருக்கும்?"

"உங்கடை கப்பலிலைதான் மடம் வந்திருக்கும்" என்றேன். நானா சொன்னேன் என்று இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு நாட்டில் ஒரு பெரிய கதை வெடித்தது. எங்கள் கோப்புகளை எடுக்க வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லி வைத்திருந்தார்களாம். அது விசாரணையாகி, வழக்காகி, ஒரு நாள் அரசாங்கமே கவிழ்ந்தது. வெடித்தவுடனேயே கோப்புகள் அசையத் தொடங்கிவிட்டன. எங்களுக்கும் கடிதம் வந்தது. நேரில் வரட்டாம், தாயின் பெயர் இரண்டு விதமாக இருக்கிறதாம். மகளுக்குப் பதினேழு முடிந்து சில மாதம்.

கணவர் பழைய பாட்டையே பாடினார். "பெத்தது எண்டே சொல்லும்."

நான் குன்றின்மேல் போனேன். "மடம், உண்மையைச் சொல்லப் போறன். எனக்குப் பேசத் தெரியாது. நீங்கள் ஒரு படம் கீறித் தாங்கோ."

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து கீறினார். அந்த இடியப்பத்தை எப்படித்தான் பிரித்தாரோ, ஒரு கோடும் ஒன்றோடொன்று முட்டவில்லை. தங்கச்சியிலிருந்து மகளுக்கு முழுக்கோடு. என்னிடமிருந்து மகளுக்குப் புள்ளிக்கோடு. "என்னாலை இவ்வளவுதான் ஏலும். முறை எண்டு ஒண்டு இருக்கு" என்றார்.

"புள்ளி காணும் மடம்."

கொப்பன்ஹேகனில் ஒரு சின்ன அறை. ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுத் தம்பி. "அம்மா, இது நீங்க பெத்த பொண்ணா, வளத்த பொண்ணா? படிவத்துல ஒண்ணு, சான்றிதழ்ல ஒண்ணு இருக்கே, எது பொய்யின்னு கேக்கறாங்க" என்றார்.

கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"பெறேல்லை தம்பி. நாப்பத்தோராம் நாளிலையிருந்து என்ரை பிள்ளை. ரெண்டும் உண்மைதான். பொய் எழுதுறவள் ரெண்டையும் ஒரே உறைக்குள்ளை வைச்சு அனுப்புவாளோ எண்டு அவரைக் கேளுங்கோ."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் படத்தை இழுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். யார் கீறினது என்று கேட்டார். அவரும் சனிக்கிழமைகளில் தேவாலயப் பதிவேடுகளில் தன் பூட்டன் பாட்டனைத் தேடுகிற ஆளாம். புள்ளிக்கோட்டில் விரலை வைத்து, இது என்ன என்றார்.

"கடதாசி இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. பிள்ளை என்றல்ல, வளர்ப்புப் பிள்ளை என்று. பதினெட்டுக்கு ஐந்து கிழமை இருக்கும்போது மகள் வந்து இறங்கினாள். கடைசி நூலை வைத்து வாங்கின குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டேன். "அம்மா, கை கட்டையாயிருக்கு" என்றாள். ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னோடு நேரில் பேசின முதல் வசனம் அது.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மகள் வந்த அடுத்த கிழமை சீமாட்டி தலைமயிர் வெட்டப் போயிருந்தார். சுருள் மேசையில் விரிந்து கிடந்தது. தூசி தட்டத்தான் போனேன். கடைச்சாமான் எழுதுகிற நீலப் பேனை சட்டைப் பையில் இருந்தது. நெல்லுக்காரரிலிருந்து அந்த விருந்தாளி வரைக்கும், ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, ஒரே கோடாக இழுத்துவிட்டேன். கொஞ்சம் நெளிந்தது. என் படிப்புக்கு அவ்வளவுதான் நேராக வரும்.

சீமாட்டி அதைக் கண்டாரோ தெரியாது. கண்டிருந்தால் அவருக்கு மை அழிக்கிற றப்பர் எடுக்கத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் காலமானார். சுருளில் கடைசிப் பெயர் அவருடையது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தில் காது தழைப்பது இப்போது அமெரிக்காவில்தான்.

அந்தச் சுருளைத் தூரத்து உறவினர்கள் புத்தகமாக அச்சடித்து வைலே நூலகத்தில் வைத்திருக்கிறார்களாம். வாசலில் இரண்டு தரம் நின்றுவிட்டு வந்தேன், உள்ளே போய்க் கேட்கக் கூச்சம். மகளின் பிள்ளைகளைக் கேட்டால் டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதை வாசிக்கிற யாராவது அந்தப் பக்கம் போனால் பார்த்துச் சொல்லுங்கள். தீவிலிருந்து கரோலைனாவுக்குப் போனது மகனா பேரனா, சுவரில் மூன்றாவது படம்தானா என்று நான் எழுதினதில் பிழை இருந்தால் திருத்துங்கள். மற்றது, அந்த நெல்லுக்காரரின் பெயரிலிருந்து வலப்பக்கம் போகிற கோடு புள்ளியாக அச்சாகியிருக்கிறதா, நெளிந்த முழுக்கோடாக அச்சாகியிருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.